பிச்சை வளைவு

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் அன்று காலை இருந்தவர்கள்: டிரைவர், கண்டக்டர், பின்படியில் தொங்கிய கல்லூரிப் பிள்ளைகள் ஏழு பேர், தவிட்டு மூட்டையோடு ஒரு பெண், பார்க்க வேண்டிய கோயில்களைத் தாளில் எழுதிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த செந்தில்குமாரும் அவர் மனைவி வானதியும், ரயில் ஓடியிருந்தால் அதில் போயிருக்கக்கூடிய இன்னும் அறுபது பேர், மேகலா, அவள் புருஷன் ரெத்தினம்.

ஏறியதும் ரெத்தினம் செய்த முதல் வேலை, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் ஓட்டிய பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள். கோர்ட்டில் கேட்டபோது ஐம்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். பட்டப்பகல் பதினொரு மணிக்கு. சாட்சி இல்லை, விடுதலை.

நடந்தது இவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட மனசில்லாமல் அய்யம்பேட்டை தாண்டி ஒரு வளைவில் ஏறி மிதித்தான். எதிரே கோரைப்பாய்க் கட்டோடு சைக்கிளில் வந்தவர் அல்லா பிச்சை. அதற்குப் பிறகு ரெத்தினம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. கும்பகோணம் போவதென்றால் ரயில்தான். இன்றைக்குப் பார்த்து ரயில்காரர்கள் ஸ்டிரைக். திருவிடைமருதூருக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளும் இன்றைக்குத்தான்.

“ஏனுங்க, தாராசுரத்துல இறங்கிப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிக்கலாங்களா?” என்று செந்தில்குமார் ரெத்தினத்திடம் தாளை நீட்டினார்.

“இறங்கினா அடுத்த பஸ்ஸுல கால் வைக்க முடியாதுங்க, ஸ்டிரைக் நாளு. இதுலயே நேரா திருவிடைமருதூர் போயிடுங்க, மத்தியானம் நடை சாத்திடுவாங்க. வர்றப்ப டவுன் பஸ்ல திருபுவனம். தாராசுரத்தை சாயங்காலம் வச்சுக்குங்க. கல்லு சூடு தணிஞ்சிருக்கும்.”

“ரூட்டெல்லாம் அத்துப்படியா வச்சிருக்கீங்க” என்றாள் வானதி. “நீங்களும் அங்கதானுங்களா? வேண்டுதலா?”

மேகலா குரலைத் தாழ்த்தினாள். “இவருக்கு பிரம்மஹத்தி தோஷம். கிழக்கு வாசல்ல நுழைஞ்சு மேக்கு வாசல்ல வெளிய வந்துட்டா அது கிழக்கயே நின்னுடும். பாண்டிய ராஜாவுக்கே அங்கதான் விட்டுச்சாம்.”

“அது ஐயரைக் கொன்னாத்தானுங்க பிடிக்கும்?”

“நம்ம கேஸுல பாய்ங்க” என்றான் ரெத்தினம். “பாய் வித்த பாய்.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வானதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேகலா புருஷனின் தொடையில் கிள்ளினாள்.

அய்யம்பேட்டை போனது. ரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டான். ஆனாலும் வலது கால் தானாகப் பலகையை அழுத்திற்று. பஸ் வேகம் குறைந்தது.

“பிச்சை வளைவு இறங்கு. பிச்சை வளைவெல்லாம் முன்னால வா.”

தவிட்டு மூட்டைக்காரி இறங்கினாள். ரெத்தினம் எட்டிப் பார்த்தான். அதே வளைவு. குறுக்கே ஒரு வேகத்தடை; அதில் வெள்ளைப் பட்டை பாதி அழிந்திருந்தது.

“இது எப்பலேருந்து ஸ்டாப்பு?” என்று கண்டக்டரிடம் கேட்டான்.

“தடை போட்டதுலேருந்துண்ணே. எப்படியும் நிக்கப் போவுது, இறக்கிவிட்டா என்ன?”

“பிச்சைன்னா யாரு?”

“எவனாவது பிச்சைக்காரன் குந்தியிருந்திருப்பான். சில்லறை இருந்தா குடுண்ணே.”

ரெத்தினம் சட்டைப் பையைத் துழாவிச் சில்லறையைக் கொடுத்தான். கோர்ட் வராந்தாவில் அல்லா பிச்சையின் தம்பி சொன்னது அவனுக்குத் தெரியும்: மூன்று பிள்ளைகள் தங்காமல் போய், நாகூருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. ஆண்டவன் போட்ட பிச்சை. பேர் அப்படி வந்தது. வீட்டுக்கு வீடு பாய் விற்று இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனுஷன் நாலே வருஷத்தில் பிச்சைக்காரன் ஆகிவிட்டிருந்தார். இந்த பஸ்ஸில் அது தெரிந்த ஆள் ஒருத்தன்தான்.

திருவிடைமருதூரில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். ரெத்தினமும் மேகலாவும் வீட்டிலிருந்தே செருப்பில்லாமல் வந்திருந்தார்கள். கிழக்கே விட்டால் எடுக்க அங்கேதானே போகவேண்டும். கிழக்கு வாசலில் நுழைந்தார்கள், கும்பிட்டார்கள், திருநீறு வாங்கினார்கள். மேகலா மேற்கு வாசல்வரை விடுவிடுவென்று நடந்துவிட்டுத் திரும்பினாள். அவன் பிராகாரத்திலேயே நின்றிருந்தான்.

“வாங்க, சாத்தப் போறாங்க.”

“நீ இப்படிப் போ. நான் வந்த வாசலாவே வர்றேன்.”

“அங்க அது நிக்கும்ங்க.”

“நிக்கட்டும். இங்க விட்டுட்டுப் போனா அந்தாளு பிச்சைக்காரனாவேதான் இருப்பாரு.”

“அதுக்கு? ஊரெல்லாம் தமுக்கு அடிக்கப் போறீங்களா?”

“வர்ற பஸ்ஸுல கண்டக்டர்ட்ட முழுப் பேரைச் சொல்றேன். என்ன தொழில் பண்ணாருன்னு சொல்றேன்.”

“உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான்.”

“கேப்பான்.”

மேகலா இரண்டடி கிட்டே வந்தாள். “நாலு வருஷமா நானுந்தான் தூங்கல. அது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். பக்கத்தில் படுத்தவனுக்குத் தெரியாதா. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேற்கு வாசலைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவளாவது முறைப்படி செய்தாள்.

கிழக்கே பெரிய கதவைச் சாத்தியாகிவிட்டது. குனிந்து போகிற திட்டிவாசல் மட்டும் திறந்திருந்தது. காவல்காரர் சாவிக்கொத்தும் கையுமாக நின்றார்.

“இப்படிப் போகக்கூடாதுங்க. மேக்கால போங்க.”

“தெரியுங்க.”

“தெரிஞ்சுமா?”

ரெத்தினம் தலையாட்டினான். காவல்காரருக்குச் சாப்பாட்டு நேரம். “அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க” என்று ஒதுங்கினார்.

ரெத்தினம் குனிந்து வெளியே காலை வைத்தான். யாரும் நிற்கவில்லை, வெயில்தான் நின்றது. பின்னால் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினார்கள்.