கைப்பைக்கு இடம் இருந்தது

2005 மே மாத வெயிலில், பள்ளி விட்டதும் ஆசிரியைகளின் வேன் வளைகுடா நகரமான ஈசா டவுனிலிருந்து கிளம்பியது. ஆளுக்கொரு சீட், அவரவர் கைப்பைக்கு ஒரு சீட். பள்ளியைக் கூட்டித் துடைக்கிற ரஹீமா பீவிக்கு மட்டும் கதவோரம் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, யாரும் மீறியதுமில்லை.

சந்திரகலாவும் மீறவில்லை. வீட்டில் முதல் பட்டதாரி; ஊரிலிருந்து இங்கே வந்து நாலு மாதம்தான். வேலை நிரந்தரமாகாவிட்டால் விசா போய்விடும். அறையில் பேச ஆளில்லை. இந்த வேன் அரட்டைதான் அவள் காதில் விழுகிற தமிழ்.

அன்று எட்டாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு நடத்தியிருந்தாள். வெள்ளையருக்கு எழுந்து இடம் விட வேண்டுமென்றால் அந்த பஸ்ஸே வேண்டாமென்று, ஒரு வருஷத்துக்கும் மேல் வேலைக்கு நடந்தே போன கறுப்பின மக்களின் கதை. சமையல்காரிகள், துணி வெளுக்கிறவர்கள், புத்தகத்தில் பெயர்கூட இல்லாதவர்கள். உருக்கமாகச் சொல்லிவிட்டு வந்து, தன் பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தாள்.

திருப்பத்தில் வேன் குலுங்கியது. ரஹீமா வாளியோடு சரிந்து, கம்பியில் முழங்கையை இடித்துக்கொண்டாள். பையோ சொகுசாக உட்கார்ந்திருந்தது. சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. பையை மடிக்கு எடுத்தாள்.

“இங்க வந்து உக்காருங்கக்கா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “என்னடி, புரட்சியா?” என்றாள் மூத்த ஆசிரியை விஜி. “மொதல்ல உன் வேலை பெர்மனென்ட் ஆகட்டும்.”

ரஹீமா பதறினாள். “வேணாம் மிஸ். எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்றாதீங்க. எனக்கு வாளி பழகிப்போச்சு.”

பழகிப்போச்சு என்ற அந்தச் சொல்தான் சந்திரகலாவைச் சுட்டது. “பாஸ்கரண்ணே, ஓரமா நிறுத்துங்க” என்றாள் டிரைவரிடம்.

இறங்கி நடந்தாள். மறுநாளும் நடந்தாள். ஸ்டாஃப் ரூமில் அவள் நுழைந்தால் பேச்சு அடங்கியது. விஷயம் பிரின்சிபால் வரை போய்விட்டது என்று காதில் விழுந்தது. மரமில்லாத அந்த ரோட்டில் கூட வந்தது அவள் நிழல் மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம். ரஹீமா மூச்சிரைக்க வந்தாள்.

“அக்கா, உங்க வேலை என்னாகும்?”

“வேன்ல ஏறலைன்னா தூக்கிருவாகளா? நீங்க ஒத்தையா நடந்தா போறவன் வாறவன்லாம் ஹாரன் அடிக்கிறான். ஆமா, ஒங்க வேலை போயிருமே மிஸ்?”

“போகலாம்க்கா.”

வேன் அவர்களைக் கடந்து போனது. சந்திரகலா அதைப் பார்த்தபடியே சொன்னாள்: “வாளியில உக்காந்திருக்கவளைப் பாத்து எந்திரிச்சு வான்னு சொல்றது சுலபம். அது தைரியம் இல்லக்கா. சீட் கெடச்சவதான் மொதல்ல எந்திரிக்கணும்.”