நீலத் தலை ஊசி

உலகம் அழிந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. பதினொன்றரைக்கு நான் டீயும் வெங்காய பஜ்ஜியும் கொண்டுபோனேன். அழித்தவர்கள் ஆளுக்கு நாலு பஜ்ஜி தின்றார்கள். சட்னியில் காரம் பத்தவில்லை என்று ஒருவர் குறை வேறு சொன்னார்.

2002ஆம் வருஷம், மே மாதம். எல்லையில் நம் பட்டாளமும் பாகிஸ்தான் பட்டாளமும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஐந்து மாதமாக நின்றன. அந்தச் சமயம் பார்த்து டெல்லியிலிருந்து எட்டுப் பேர் கொடைக்கானலில் எங்கள் ஓட்டலுக்கு வந்து இறங்கினார்கள். எதற்கு? போர் விளையாட. கேலிக்குச் சொல்லவில்லை, அவர்களே வைத்த பெயர் அதுதான். நாலு பேர் நம் நாடு, மூன்று பேர் எதிரி நாடு, ஒருவர் நடுவர். இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கிறதே, யார் எப்போது எதைப் போட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே விளையாடிப் பார்ப்பார்களாம். டெல்லியில் வெயில் தாங்கவில்லையாம், அதனால் ஏரியைப் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டர் போட்டு விளையாடுவார்களாம். வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

என் பெயர் மகாராணி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டலில் கூட்டுவதும் துடைப்பதும் டீ கொடுப்பதும் என் வேலை. நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில். இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அதில் இந்தியா பக்கம் விழுந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று. அதனால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்தவன் தலையை எண்ணுகிறவர்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

என் ஒரே மகன் யோகேஷ் பட்டாளத்தில் இருந்தான். ஜனவரியிலிருந்து ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டல் நம்பருக்குப் போன் போடுவான். இவர்கள் வந்து இறங்கியபோது மூன்று ஞாயிறு சும்மா போயிருந்தது. போனும் இல்லை, கடிதமும் இல்லை. "பாலைவனத்துல லைன் கிடைச்சிருக்காதுக்கா" என்று மேனேஜர் செல்வமுருகன் தினமும் சொல்வார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய ஹாலில் மேஜை போட்டு, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரு மேப்பை விரித்தார்கள். அதில் கலர்த் தலை வைத்த ஊசிகளைக் குத்தினார்கள். நீலம் நாம், சிவப்பு அவர்கள். ஒவ்வொரு ஊசியும் ஒரு படை. "மேஜையில மட்டும் கை வச்சிராதீங்கக்கா, பெரிய எடத்து ஆளுக" என்று செல்வமுருகன் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்த எட்டுப் பேரில் தமிழ் பேசியவர் ஒரே ஒருவர், திருமலைச்சாமி. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. சொந்த ஊர், கீழே நம் மலை அடிவாரத்து வத்தலக்குண்டுதான். விளையாட்டில் அவர்தான் எதிரி நாட்டு ஜனாதிபதி. பாருங்கள் கூத்தை! டீ கொடுத்துவிட்டு அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஐயா, என் மகன் பட்டாளத்துல இருக்கான். மூணு வாரமா ஒரு தகவலும் இல்லைங்க. ஒரு போன் போட்டு விசாரிச்சுச் சொல்ல ஏலுமாங்க?"

"அதுக்கென்னம்மா, ஒரு போன்ல முடியிற சோலி. ஆனா வெள்ளிக்கெழமை ஆகட்டும். இப்ப நான் எதிரி நாட்டு ஜனாதிபதியில்ல? நானே நம்ம பட்டாளத்துக்குப் போன் போட்டா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அதை இங்கிலீஷில் சொன்னார், அவரும் சிரித்தார். நான் யோகேஷின் பெயர், நம்பர், படைப்பிரிவு எல்லாம் எழுதிய துண்டுச் சீட்டை அவர் கையில் கொடுத்தேன். நல்ல மனுஷர் மாதிரிதான் வாங்கிக்கொண்டார். மேப்பில் பாலைவனத்தில் ஒரு நீல ஊசியைக் காட்டி, "இந்தா, ஒன் மகன் இந்தப் பக்கந்தான் நிப்பான்" என்றார். விரலைக் கீழே இழுத்துக்கொண்டே வந்து, "இந்தா நம்ம வத்தலக்குண்டு, அதுக்கு மேல இந்தா கொடைக்கானல். ரெண்டும் ஒரு ஊசி மொனைக்குள்ள அடங்கிரும்" என்றார். நானும் அசட்டுத்தனமாகத் தலையாட்டினேன்.

"இம்புட்டுக் குண்டையும் வச்சுக்கிட்டு எதுக்குங்க ஐயா?"

"அவங்கிட்ட இருக்குன்னு நாம பயப்படணும், நம்மகிட்ட இருக்குன்னு அவன் பயப்படணும். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே இருந்தாத்தாம்மா சமாதானம்."

எங்கள் லயத்தில் இப்படித்தான் இரண்டு குடிகாரர்கள் இருந்தார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை ஆளுக்கொன்று மடியில் வைத்துக்கொண்டு எதிரெதிர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் தொட்டதில்லை, உண்மைதான். நடுவில் இருந்த காம்பரா அறைகளில் நாங்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கியதும் இல்லை. அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஹாலைக் கூட்டப் போனேன். பாலைவனத்தில் அந்த நீல ஊசியைக் காணோம். திருமலைச்சாமி அப்போதுதான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இங்கன இருந்த ஊசி?"

"அதுவா? மத்தியானம் போட்டுட்டோம்மா. சின்ன குண்டுதான்."

சின்ன குண்டு! வாய் கூசாமல் சொன்னார். டீ சாசரில், கடித்துப் போட்ட பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அந்த ஊசி கிடந்தது. அவர் போன பிறகு குப்பைக்கூடையை எடுத்தேன். மேலாக என் துண்டுச் சீட்டு. பக்கோடா எண்ணெயைத் துடைத்திருந்தார் மனுஷன். யோகேஷின் பெயர் ஊறிப்போய்த் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் அங்கே இருந்திருந்தால் கூடையை அப்படியே தலையில் கவிழ்த்திருப்பேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் துடைக்கப் போனபோதும் ஊசி சாசரிலேயே கிடந்தது. கையில் எடுத்தேன். எடுத்து, மேப்பில் அவர் காட்டிய இடத்தில், கொடைக்கானலில் குத்தினேன். நன்றாக அழுத்திக் குத்தினேன். பைத்தியக்காரத்தனம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் காலையில் இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டேன்.

ஒன்பதரைக்கு எல்லாரும் வந்தார்கள். நான் பிளாஸ்கோடு கதவோரம் நின்றேன். செல்வமுருகன் பக்கத்தில் நின்று அவர்கள் பேசியதை எனக்குக் கிசுகிசுத்தார். பத்து மணி வாக்கில் ஒருவர் அந்த ஊசியைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். இதை யார் வைத்தது என்று ஒரு வாய் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! நீலக்காரர்கள் நாலு பேரும், நம்மில் வேறு யாரோதான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிவப்புக்காரர்களுக்கு உதறல் எடுத்தது.

"அக்கா, நம்மாளுக நம்ம மலையில ரகசியமா ஏவுகணையை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு செவப்புக்காரங்க சந்தேகப்படுறாங்க. எல்லாம் அழிஞ்ச பெறகும் திருப்பி அடிக்க வச்சிருக்காங்களாம்."

"அடப் பாவிகளா! இப்ப என்ன செய்யப் போறாங்க?"

"அங்க என்ன இருக்குன்னு கேட்டு எழுதி அனுப்புனாங்க. சொல்ல ஏலாதுன்னு நம்மாளுக பதில் அனுப்பிட்டாங்க."

இருந்தால்தானே சொல்வதற்கு! திருமலைச்சாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கால் மணி நேரம் யோசித்தார். பிறகு ஒரு தாளில் எழுதி நடுவரிடம் கொடுத்தார். செல்வமுருகன் என் தோளைத் தொட்டார். "அக்கா, கொடைக்கானல் மேல போட்டுட்டாரு. நம்ம ஓட்டல் காலி." உடனே நீலக்காரர்கள் இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டார்கள், சிவப்புக்காரர்களும் போட்டார்கள். பதினொன்றே காலுக்கு நடுவர் போர்டில் இத்தனை கோடி, அத்தனை கோடி என்று செத்தவர் கணக்கை எழுதி முடித்தார்.

பஜ்ஜித் தட்டை நீட்டும்போது நான் சும்மா இருக்கவில்லை.

"வத்தலக்குண்டும் சேந்து போயிருக்குமேங்க ஐயா?"

"போயிருக்கும், தூரம் கம்மிதான."

"அங்கன ஒங்க சொந்தபந்தம் யாரும்...?"

"ரெண்டு அக்கா இருக்காங்க" என்றார். வாயில் பஜ்ஜி.

அதற்குள் நடுவர் அந்த ஊசி யாருடையது என்று ஒருவழியாகக் கேட்டார். கடைசியில் கேட்கத் தெரிந்ததே! எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நான்தாங்க வச்சேன்" என்று சொன்னேன். செல்வமுருகன் முகம் வெளுத்துப்போய் அதை இங்கிலீஷில் சொன்னார். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "பேரும் மகாராணி, ஒரே ஊசியில ஒலகத்தையே அழிச்சிருச்சு" என்று திருமலைச்சாமி மேஜையைத் தட்டினார். எதற்காக வைத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆட்டம் செல்லாது, புதன்கிழமை காலையில் ஆட்டம் இருந்த நிலையிலிருந்து திரும்ப விளையாடலாம் என்று நடுவர் சொல்லிவிட்டார். செத்த கோடிப் பேரையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி என்னிடம் விட்டார்கள். துடைத்தேன்.

இரண்டாம் ஆட்டத்தில் யாரும் யார் மேலும் போடவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நடுவர் போர்டில் சேதக் கணக்கு என்று நீலக் கட்டத்தில் ஒரு சைபர், சிவப்புக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பக்கமும் பயந்ததால் போர் வரவில்லை, ஒரு உயிர்ச்சேதமும் இல்லை, நம் கொள்கை ஜெயித்துவிட்டது என்று பேசினார்களாம். போர்டுக்கு முன்னால் போட்டோ எடுக்க நாற்காலி போடச் சொன்னார்கள். நான் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தபோது செல்வமுருகன் ஓடிவந்தார்.

"அக்கா, வெரசா வாங்க! யோகேஷ் லைன்ல இருக்கான்."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ரிசீவரைக் காதில் வைத்தால் அவன் மூச்சு கேட்டது.

"அம்மா, பயப்படாதம்மா. நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். எடது கால் போச்சும்மா. முழங்காலுக்குக் கீழ."

"ஐயோ, என் ராசா! யாரு சுட்டது?"

"யாரும் சுடலம்மா. நான் பொதைச்சதுதான். காத்துல மணல் நகந்துருச்சு, வச்ச எடத்துல அது இல்ல. மூணு வாரமாச்சு. நானே பேசுற வரைக்கும் ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

மூணு வாரம். நான் கொடைக்கானலில் ஊசி குத்தி இட்லி தின்றபோது என் பிள்ளைக்குக் கால் இல்லை. வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, நேராக ஹாலுக்குப் போனேன். எட்டுப் பேரும் நாற்காலியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார்கள். நான் போர்டில் எழுதுகிற பேனாவை எடுத்து, நீலக் கட்டத்தில் இருந்த சைபரை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஒன்று எழுதத் தெரியும்.

திருமலைச்சாமி எழுந்து வந்தார். "என்னம்மா இது, மறுபடியுமா?"

"என் மகனுக்குக் கால் போயிருச்சுங்க. கண்ணிவெடியில."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டது இதுதான்: "போரே நடக்கலையேம்மா?"

போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். நடுவர் இங்கிலீஷில் ஏதோ சத்தம் போட்டார். திருமலைச்சாமி குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, வருத்தந்தான். இப்ப அத அழிச்சிரு, போட்டோ எடுக்கணும்" என்று துணியை என் பக்கம் நீட்டினார்.

"என்னால ஏலாதுங்க. நீங்களே அழிங்க."

துணியைக் கையில் வைத்துக்கொண்டு போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன இருந்தாலும் நம் ஊர்க்காரர், இரண்டு அக்காமாரோடு பிறந்தவர், விட்டுவிடுவார் என்று ஒரு நொடி நானும் நம்பினேன்.

அழித்தார். பேனாவை வாங்கி, அதே இடத்தில் சைபரை நல்ல வட்டமாகப் போட்டார்.