சும்மாவுக்கு எண் தொண்ணூற்றொன்பது

இருபது காரணங்களை நான் எழுதினேன். ஒன்றிரண்டு அல்ல, இருபது. பதின்வயதுப் பிள்ளைகள் ஏன் புகைக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள் என்று அளக்கிற கேள்வித்தாள் அது. கவலையை மறக்க, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள, தூக்கம் வர, பயம் தெளிய என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டம். ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ‘வேறு காரணம் இருந்தால் எழுதவும்’ என்று ஒரு கோடு போட்டுவைத்தேன். அந்தக் கோட்டில்தான் வந்தது வினை.

பள்ளிகளிலிருந்து திரும்பி வந்த தாள்கள் இருநூற்றுப் பதினான்கு. அவற்றில் அறுபத்தொரு பிள்ளைகள் இருபது காரணத்துக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, கோட்டின்மேல் ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார்கள்: சும்மா.

“பதில் சொல்லாததுக்கு நாம 99 போடுவோம்ல, இதுக்கும் அதையே போட்டுடு” என்றேன், கணினியில் பதிந்துகொண்டிருந்த என் நாத்தனாரிடம்.

ஆமாம், நாத்தனார்தான். வீட்டில் பார்ப்பது போதாதென்று அலுவலகத்திலும் எனக்கு எதிர் மேஜை. சிபாரிசு செய்ததே நான்தான்; என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். தாள்களைப் பதிவது, பிள்ளைகளை நேரில் பார்த்துப் பேசுவது இரண்டும் அவள் வேலை.

“சும்மாங்கறது எப்படி அண்ணி பதில் இல்லாம போகும்? சொல்ல இஷ்டமில்லன்னாதானே நாம சும்மான்னு சொல்றோம்? நான் அந்த வகுப்புகளுக்குத் திரும்பப் போய்ப் பேசிப் பாக்கறேனே.”

“இருபது கேள்விக்கு வாயத் திறக்காததுங்க உன்கிட்ட மட்டும் கொட்டிடுமாக்கும்!”

கொட்டின. தாளில் பெயர் கிடையாது என்பதால், விருப்பமிருந்தால் வந்து பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு காலி வகுப்பில் போய் உட்கார்ந்தாளாம். மூன்று நாளில் இருபத்தாறு பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி சொன்னாளாம்: “இடைவேளைல தனியா நின்னா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. கைல சிகரெட் இருந்தா ஏன் தனியா நிக்கறன்னு யாரும் கேக்கறதில்ல.” என் இருபதில் இது இல்லை. எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர், கூட்டத்தில் எழுந்து நின்று நாத்தனாரைப் பாராட்டினார். நானும் கைதட்டினேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகளை எப்படிப் பொறுப்பேன்? பதினாறு வயது. நான் வேலை முடிந்து வந்தால் தலை நிமிர மாட்டாள். அத்தை வந்தால் மட்டும் முகத்தில் விளக்கு எரியும். இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து கெக்கெக்கென்று சிரிப்பார்கள். நான் டீயோடு போனால் கப்சிப். என்னடி பேசினீங்க என்று கேட்டால், “சும்மாதாம்மா.” பத்து மாதம் சுமந்தது நான், ரகசியம் கேட்பது அவளா?

போன புதன்கிழமை மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் பாதி புகைத்த சிகரெட் ஒன்று கிடைத்தது.

“ஏன்டி?”

“சும்மா” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் தாங்க முடியாமல் நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் அதிர்ச்சியைத் தேடினேன். இல்லை.

“உனக்கு முன்னமே தெரியுமா?”

“ரெண்டு மாசமாத் தெரியும் அண்ணி.”

“ஏன்னு சொன்னாளா?”

“சொன்னா.”

“என்னன்னு?”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். பயந்து நடுங்கற மாதிரி இல்ல, அப்படியே விட்டுடற மாதிரியும் இல்ல. உங்ககிட்ட சொல்லச் சொல்லி அவளக் கரைச்சுட்டே இருக்கேன். பாதி ஒத்துக்கிட்டா. ஒரு வாரம் பொறுங்களேன்.”

என் மகளிடம் பேச இவளிடம் நான் தவணை வாங்க வேண்டுமாம்! வீட்டில் கணவரிடம் குதித்தேன். “என் தங்கச்சி ஒன்னு செஞ்சா காரணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மனிதர் குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். முப்பது வயதிலிருந்து நான் செய்கிற தொழிலில் முதல் பாடமே, பதில் சொல்பவரிடம் பொய் சொல்லாதே என்பதுதான்.

“அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டா” என்றேன்.

அவள் கை நின்றது. “எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

கத்துவாள் என்று நினைத்தேன். உதடு கோணிக்கொண்டு அழுதாள். “உனக்குக் கோவம் வரலையா?”

“இல்லடி கண்ணு.”

அப்படியே சரிந்து என் மடியில் தலை வைத்தாள். எத்தனை வருஷமாயிற்று! தலையைத் தடவிக் கொடுத்தேன். நெஞ்சு குளிர்ந்து போயிற்று.

“அப்ப நான் என்னம்மா பண்ணட்டும்? அத நெனச்சாலே பயமா இருக்கு.”

எதை? எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் தெரிந்தவள் எதைக் கேட்பாள்? இருபது கேள்வி எழுதியவளுக்கு ஒரு கேள்வி கேட்க வழியில்லை.

“பாத்துக்கலாம்” என்றேன்.

“திங்கக்கெழமை அத்தை என்கூட வர்றேன்னு சொன்னாங்க. அங்க போய் அவங்களே பேசறேன்னாங்க. எனக்கு இனிமே அவங்க வேணாம். சத்தியம் பண்ணிட்டு சொல்லிட்டாங்க பாரு. இனிமே உன்கிட்ட மட்டும்தான் எல்லாம் சொல்லுவேன். நீ வந்து பேசறியாம்மா?”

எங்கே? யாரிடம்? என்ன பேச?

“வர்றேன்” என்றேன்.

அவளுடைய போன் அடித்தது. திரையில் ‘அத்தை’ என்று வந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எடுக்கவா?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவ ஒண்ணும் சொல்லலடி, நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரு வரி. மூச்சைக்கூட இழுத்துக்கொண்டேன். ஆனால் மடியில் அந்தத் தலை கனமாக, சூடாக இருந்தது. அதைத் திரும்ப நாத்தனாரிடம் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

“வேணாம், விடு” என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது.