பெண்பாலில் ஒப்படைத்தது

பேராசிரியருக்கு வெகுகாலமாக வலது தோள் வலி. குளிர்நாட்களில் கையைத் தூக்கிப் பலகையில் எழுத முடியாது. சின்ன வயதில் பாரம் சுமந்தீர்களா என்று கேட்ட டாக்டரிடம், "தெரியாதுங்க, நூலகத்துலதான் பாக்கணும்" என்றார். உண்மையும் அதுதான். அவருடைய இளமை முழுவதும் பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், நீலத்துணி அட்டைக்குள் இருந்தது.

பிரெஞ்சில் 'மெமுவார்' என்ற சொல் ஆண்பாலில் வந்தால் ஆய்வேடு, பெண்பாலில் வந்தால் நினைவு. நாற்காலிக்கும் மேசைக்கும் ஆண் பெண் பார்க்காத மொழியில் பிறந்து, செங்கல் சூளையிலிருந்து படிக்க வந்தவர், ஆய்வேட்டோடு கொடுக்கும் படிவத்தில் 'என் மெமுவாரை ஒப்படைக்கிறேன்' என்று அவசரத்தில் பெண்பாலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நூலகக் குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். வெளியே வந்தவருக்குத் தன் பெயர் தெரிந்தது, பிரெஞ்சு தெரிந்தது, எந்த வீட்டுக்குப் போவது என்று மட்டும் தெரியவில்லை. விடுதிக்கே திரும்பினார். சில மாதம் கழித்து வந்த சாவுத் தந்தியை, ஆள் மாறி வந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மளமளவென்று மேலே வந்தார். பிரெஞ்சு நாவல்களில் வரலாறும் நினைவும் என்பது அவர் துறை. போரில் ஊரை இழந்தவர்கள், கப்பலேறிப் போனவர்கள், இவர்களின் நினைவுகளை அவரளவு சுத்தமாகப் பிரித்து அடுக்க ஆளில்லை; குறுக்கே வர அவருக்கென்று ஒரு நினைவும் இல்லையே. நீல அட்டையையும் படித்தார். திறந்தால் மடியில் செம்மண் தூசி கொட்டும், யாரோ ஒரு பெண் இருமுவது கேட்கும். தூசியைத் தட்டிவிட்டு, 'நடை நன்று, இரண்டாம் அத்தியாயம் நீளம்' என்று ஓரத்தில் குறித்துவைத்தார். விடுமுறை நாட்களில் அறைக்கதவை யாரும் தட்டியதில்லை.

ஓய்வுபெறும் வருடம் அக்கா வந்தாள். சண்டை போடத்தான் வந்தாள். பஸ்ஸிலேயே வசனமெல்லாம் தயார்.

"அம்மா செத்ததுக்குத் தந்தி குடுத்தும் வரலியேடா! பெரிய வாத்தியாராயிட்டா பெத்தவ வேணாமா?"

பேராசிரியர் எழுந்து நின்றார். "உட்காருங்கம்மா. யாரோட அம்மாங்க?"

"என்னைப் போயி அம்மாங்கிறியே, பாவி" என்றாள். மிச்ச வசனத்தை அப்படியே விட்டாள். அவரிடமே விவரம் கேட்டுக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நேரே நூலகத்துக்குப் போய், தம்பியோடதைத் திருப்பிக் கொடு என்று நூலகரிடம் சண்டை பிடித்தாள்.

"ஒப்படைச்சது ஒப்படைச்சதுதாம்மா. வெளியே தர மாட்டோம். இங்கயே உக்காந்து பாத்துக்குங்க."

எழுத்து அறியாத அக்கா அட்டையைத் திறந்தாள். இருமல் கேட்டது. "அம்மாடா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பேராசிரியரும் அழப் பார்த்தார். ஒரு கதையில் அழவேண்டிய இடம் எது என்று காலமெல்லாம் மாணவர்களுக்குக் காட்டியவர்தான். இடம் தெரிந்தது, அழுகை வரவில்லை.

இப்போது அக்கா மாதாமாதம் வருகிறாள். நூலகத்தில் அவளுக்கும் உறுப்பினர் சீட்டு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் திட்டுகிறாள், அவர் எதிரே அமர்ந்து மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். பெற்றவளுக்கு அவர் அழவேண்டிய அழுகை இன்னும் பாக்கி.