நெஸ்ஸுக்கு வயது இரண்டு

1
ஒரு கேள்விக்குறியிலிருந்துதான் இந்தக் கதை கிடைத்தது. ஹோபார்ட் துறைமுக நகரில் மழைக்காக ஆவணக் காப்பகத்தில் ஒதுங்கியிருந்தேன். பழைய கைதிக் கப்பல் பட்டியல் ஒன்றில், ஒரு குழந்தையின் வயது ‘இரண்டு’ என்றிருந்தது. பக்கத்தில் யாரோ பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பெயர் இருந்த இடத்தில் மை கரைந்திருந்தது. ஆகவே பெயர்கள் என்னுடையவை.

2
கரிய கடல் சீறியது. பாய்மரங்கள்

வேண்டாம். எனக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும். மறுபடி:

1841. லண்டனிலிருந்து ஹோபார்ட்டுக்குக் கப்பலில் நாடு கடத்தப்படும் நூற்றைம்பது பெண் கைதிகள். அவர்களில் ஹானோரா, ஒரு சால்வை திருடியதற்கு ஏழு வருடத் தண்டனை பெற்றவள். கூடவே மகள் நெஸ். கரையிறங்கியதும், மூன்று வயது நிறைந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது நெஸ்ஸுக்கு மூன்றரை ஆகியிருக்கும். வயதை மறைத்துவிடலாம். வாயை? நெஸ் வக்கீல் மாதிரிப் பேசுவாள்.

3
பக்கத்துப் படுக்கைக்காரி எஃபி, கிளாஸ்கோ ஜேப்படிக்காரி, பாடம் எடுத்தாள்.

“ஆபீசரு கேட்டா என்னடி சொல்லுவ?”

“எனக்கு ரெண்டு வயசுதான் ஐயா. சத்தியமா பொய் இல்ல.”

“நாசமாப் போச்சு! ரெண்டு வயசுக் கழுத இப்படியா பேசும்? ‘மா… மா…’ன்னு சொல்லு.”

“அது மாடு பேசுறதுல்ல?”

ஹானோரா சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதடி. நீதான் பேசப் பேசக் கேட்டு ரசிச்சுக் கெடுத்து வெச்சிருக்க.”

(இவ்வளவு நல்ல ஜேப்படிக்காரி இருப்பாளா? முதல் வரைவில் எஃபி காட்டிக்கொடுத்தாள். எனக்கே அவள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. மாற்றிவிட்டேன்.)

நான்கு மாதம் பயிற்சி நடந்தது. கடைசியில் நூற்றைம்பது பெண்களும் மழலை பேசினார்கள். நெஸ் மட்டும் அவர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

4
ஹோபார்ட். கப்பலின் மேல்தளத்தில் வரிசை. ஹானோராவின் இடுப்பில் நெஸ். அதிகாரி பட்டியலைப் பார்த்தார்.

“வயசு?”

“ரெண்டுங்க.”

“ரெண்டா? இவ்ளோ ஒசரமா இருக்கு?”

“அவ அப்பன் பனைமரம் மாதிரிங்க, ஐயா.”

பின்னால் எஃபி இருமினாள். அதிகாரி நெருங்கி வந்தார்.

“பாப்பா, உம் பேரு என்ன?”

நெஸ் வாயைத் திறந்தாள்.

முடிவு அ: ‘மா’ என்றாள். (நான் நம்பவில்லை. நீங்களும்தான்.)

முடிவு ஆ: எழுதினேன். கிழித்துவிட்டேன்.

முடிவு இ: அதிகாரிக்கும் வீட்டில் ஒரு

இல்லை. அவரை நல்லவராக்கித் தப்பிக்க மாட்டேன்.

இனி நீங்கள் எழுதுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். மூன்றரை வயதுக் குழந்தை நல்ல கனம். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவள்போல ஹானோரா நின்றுகொண்டிருக்கிறாள்.