பதினேழு பழுதுகள்

வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதினேன். பதினேழு வந்தது.

தரகர் நோட்டை வாங்கிப் படித்தார்.

“அடேங்கப்பா! இவ்வளவு கோளாறோட இத்தனை வருஷம் எப்படிம்மா குடியிருந்தீங்க?”

அம்மா செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. “யாரும் இப்படி உக்காந்து எண்ணலை. அதனால குடியிருந்தோம்.”

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. மாடியும் தோட்டமும் அம்மா ஒருத்திக்கு அதிகம். அண்ணன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அம்மா மறுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்தாள். தனியாகத்தான் இருப்பாளாம். “சரி, பார்க்கலாம். ஒரு தடவை விழுந்தே, அவ்வளவுதான். வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்” என்றான் அண்ணன். எனக்கு வேலை வேறு ஊரில், ஓர் ஆய்வகத்தில். வீட்டைக் காலி செய்ய இரண்டு வார விடுப்பில் வந்திருந்தேன்.

தூசி வேண்டாமென்று அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தச்சரையும் கொத்தனாரையும் ஒரே நாளில் வரவழைத்தேன்.

குளியலறைக் கதவு தரையில் உரசும். லேசாகத் தூக்கித் தள்ள வேண்டும். தச்சர் அதைக் கழற்றிப் பார்த்தார்.

“அடியில கொஞ்சம் சீவினா முடிஞ்சுது. இதுக்கா விட்டு வச்சிருந்தீங்க?”

“அப்பா சீவறேன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

“எப்போலேருந்து?”

“நான் ஆறாவது படிக்கறப்போலேருந்து.”

அவர் சிரித்துக்கொண்டே இழைப்புளியை எடுத்தார்.

கூடத்துத் தரையில் ஓர் ஓடு ஆடும். மிதித்தால் ‘டொக்’ என்னும். உடம்பைத் தேற்றப்போகிறேன் என்று அண்ணன் இரும்புக் குண்டு வாங்கி, நான்காம் நாளே கீழே போட்ட இடம் அது. மதிப்பெண் குறைந்த நாட்களில் அந்த ஓட்டைத் தாண்டிக் குதித்துத்தான் தன் அறைக்குப் போவான். கொத்தனார் அதைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார்.

சமையலறை வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு. ஒருமுறை குழாயை மூட மறந்து தண்ணீர் கூடம்வரை வந்ததால் அப்பாவே போட்டது. கோணல். வருகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொள்வார்கள். “பாத்து!” என்று நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகக் கத்துவோம். எப்போதும் ஒரு நொடி தாமதமாக. இடித்துக்கொண்டவரைவிட அப்பாவுக்குத்தான் முகம் சுருங்கும். கொத்தனார் அதை ஐந்து நிமிடத்தில் செதுக்கி எடுத்துவிட்டார்.

அவர்கள் போனபின் சமையலறைக்குள் நுழைந்தேன். என் கால் தானாக உயர்ந்து, இல்லாத திட்டைத் தாண்டியது. சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மாலையில் அம்மா வந்தாள். “பூனை, எங்கே இருக்கே?” நான் சத்தமில்லாமல் நடப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

“இங்கதான்மா.”

அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். கூடத்தின் நடுவில் ஒருமுறை நின்று, ஒரு காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். எதையோ தேடுவதுபோல. மறுபடி நடந்தாள். வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புத்தகப் பெட்டிகளை அடுக்கியிருந்தேன். வலக்கால் தட்டி அவற்றின் மேல் விழுந்தாள்.

அடி பெரிதாக இல்லை. கை மட்டும் சிராய்த்திருந்தது. மருந்து போடும்போது கேட்டேன்.

“அவ்வளவு பெரிய பெட்டி தெரியலையாம்மா?”

“நீ கண்ட இடத்துல வச்சா?”

“என் மூக்கையே பாரு. கண்ணை நகத்தாதே.”

விரலை அவள் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். வெகு நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரல் என் தோளுக்கு நேராக வந்த பிறகுதான், “ம்” என்றாள். மறுபக்கமும் அப்படியே.

நேரே இருப்பது தெரிகிறது. அதனால் செய்தித்தாள் படிக்கிறாள், ஊசியில் நூல் கோர்க்கிறாள். ஓரங்கள் போய்விட்டன.

“எவ்வளவு நாளா?”

“பதினாலு மாசமா சொட்டு மருந்து விடறேன். இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம்னாரு டாக்டர். போனது திரும்பாதாம்.”

“ஏம்மா சொல்லலை?”

“சொன்னா? உங்கண்ணன் என்னையும் ஒரு பெட்டியில போட்டு, மேலே பேரெழுதி, லாரியில ஏத்திடுவான்.”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே வெட்கமும். ஓடு சத்தமிட்டால் மேசை முனை மூன்று அடியில் என்று அவளுக்குத் தெரியும். கதவு உரசினால் யாரோ திறந்திருக்கிறார்கள். அவள் வழி கண்டுபிடித்த பதினேழையும் ஒரே நாளில் நான் அழித்திருந்தேன். நோட்டில் டிக் வேறு அடித்திருந்தேன்.

மறுநாள் ஒரு கணவனும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். “ஒரு குறைகூடச் சொல்ல முடியல” என்றார் அந்தப் பெண். பதினேழையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. விலை பேசி வீடு முடிந்துவிட்டது.

லாரி வருவதற்கு முந்தின நாள், காலியாக இருந்த ஃப்ளாட்டுக்கு அம்மாவை அழைத்துப்போனேன். எந்தப் பொருள் எங்கே என்று வரைபடத்தாளில் அளவெடுத்து வரைந்து வைத்திருந்தேன். அம்மா அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“சாப்பாட்டு மேசை நடுவுலயா? ஓட்டலா நடத்தப்போறேன்? சுவரோரம் போடு. நடுவுல ஒரு ஸ்டூல்கூட இருக்கக் கூடாது.”

“சரிம்மா.”

“நான் சொல்லாம எதையும் நகத்தவும் கூடாது. யாரு வந்தாலும் இதைச் சொல்லிடணும்.”

ஒரு கையால் சுவரைத் தொட்டபடி வாசலிலிருந்து நடந்தாள். முதல் சுற்றில் நின்று நின்று போனாள். மூன்றாம் சுற்றில் கை சுவரைவிட்டு வந்துவிட்டது. நான் பின்னாலேயே பென்சிலோடு போய், அவள் சொன்ன இடங்களைக் குறித்துக்கொண்டேன்.

அண்ணன் போன் செய்தான். “எல்லாம் ஒழுங்கா நடக்குதா? அம்மா எப்படி இருக்கா?”

என்னால் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லும் தைரியமும் பெரிதாக இல்லை. போனை அம்மாவிடம் நீட்டினேன். “நீயே சொல்லிடு.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

“டேய், கத்தாம கேளு. எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு சரியாத் தெரியலை... கத்தாதேன்னேன்ல... ஆமா, விழுந்தேன். உன் தங்கச்சி பெட்டி மேலேதான் விழுந்தேன்.”

பேசிக்கொண்டே நடந்தாள். அறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பால்கனிக் கதவு. அண்ணன் குரல் எனக்குக்கூடக் கேட்டது. இன்றே கிளம்பி வருகிறானாம்.

“இன்னைக்கு வேண்டாம். எனக்கு ஒரு மாசம் குடு. அப்புறம் வா, நான் சமைச்சுப் போடறேன். சாப்பிட்டுட்டு உக்காந்து பேசு. அப்பவும் கூட்டிட்டுப் போகணும்னு தோணிச்சுன்னா வரேன்.”

மறுமுனையில் சத்தம் நின்றது. அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் தடவினாள்.

“அடுப்பை இந்தப் பக்கம் போடு” என்றாள். “எழுதிக்கிட்டியா?”