சிக்ஸருக்கு இரண்டு கை

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து பிறந்தது. ஏ.எஸ்.ராவ் நகர் மைதானத்தில் ஞாயிறுதோறும் கிரிக்கெட். ஜெகநாதன் அம்பயர், நான் ஸ்கோரர். அன்று பந்து பறந்தபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவருடைய வலது கை மட்டும் மேலே. ஒரு கை என்றால் ‘பை’ ரன். சிக்ஸருக்கு இரண்டு கை. நான் ‘பை’ என்றே எழுதினேன். சிக்ஸர் அடித்த லோத்குண்டா அணி சண்டைக்கு வந்த பிறகுதான் அவருடைய இடது தோள் உறைந்து இறுகிவிட்டது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர், என்பதே வெளியே வந்தது.

“ஃபைனலுக்கு மூணு மாசம் இருக்கு. கை தூக்க முடியலைன்னா வேற அம்பயர்,” என்றது கமிட்டி. அவர் இருபது வருடமாக நிற்கும் இடம் அது.

2

[முதல் தொடக்கம்: “தோள் என்பது கிண்ணத்தில் உட்கார்ந்த ஒரு பந்து, அந்தப் பந்து…” கிரிக்கெட் கதையில் இன்னொரு பந்தா? அடித்துவிட்டேன்.]

ஆனாலும் விளக்காமல் இருக்க முடியவில்லை. கை மேலே போகும்போது கை எலும்பின் தலை உள்ளே கொஞ்சம் கீழே சறுக்க வேண்டும். சுற்றியுள்ள சவ்வு, துவைத்துச் சுருங்கிய சட்டைபோல இறுகிவிட்டால் சறுக்காது.

பிசியோதெரபிஸ்ட் நஸ்ரினிடம் இரண்டு வழி இருந்தது. முதல் ஆறு வாரம் ஜெகநாதன் படுத்திருக்க, நஸ்ரின் எலும்பின் தலையைத் தாளம்போல மெல்ல மெல்ல அழுத்தினார்.

“நீங்க தூக்க நக்கோ சார், தூக்கவே வேணாம். கையை என்கிட்ட விடுங்க.”

அடுத்த ஆறு வாரம் நேர்மாறு. நஸ்ரின் எலும்பைக் கீழே சறுக்கிய நிலையில் பிடித்து வைத்திருக்க, கையைத் தூக்குவது அவர் வேலை.

3

முதல் வழியில் வலி குறைந்தது. இரண்டாவதில், கை எட்டிய உயரத்தைக் குறித்து அவர் மனைவி மங்களம் சமையலறைக் கதவில் போட்ட கோடுகள் விறுவிறுவென்று ஏறின.

“அப்போ ரெண்டாவதுதானே நல்லது, கிட்டு?” என்று ஜெகநாதன் என்னைக் கேட்டார்.

“முதல்ல செஞ்சது இளக்கி வெச்சிருக்கலாம் சார். வீட்ல செஞ்ச பயிற்சி இருக்கு. தானா ஆறினதும் இருக்கு. சரியா ஒப்பிடணும்னா உங்க ரெண்டு தோளும் உறைஞ்சிருக்கணும்.”

“அதுக்கு வேற ஆளைப் பாருப்பா.”

(குறிப்பு: இந்த இடத்தில் மங்களம் சிரித்ததாக எழுதியிருந்தேன். உண்மையில் அவர், “இவரோட வலது தோளையும் தரேன், ரெண்டு நாளைக்கு வாயையும் சேர்த்து உறைய வைங்க,” என்றார்.)

4

ஃபைனல். கடைசி ஓவர். பந்து எல்லைக் கயிற்றுக்கு வெளியே விழுகிறது. ஜெகநாதனின் வலது கை மேலே போய்விட்டது. இடது கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி…

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் கூட்டம் கத்துகிறது. இன்னொன்றில் கமிட்டி…

வேண்டாம். இன்னும் ஒரு சாண் இருக்கிறது, இங்கேயே நிறுத்துகிறேன். இதைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் இரண்டு கையையும் மெதுவாகத் தூக்குங்கள். அவர் தோளுக்குள் நடக்க வேண்டியது இப்போது உங்கள் தோளுக்குள் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன என்று கேட்டால், சிக்ஸர் என்று சொல்லுங்கள்.